பல்வலியை லீவு வரை தள்ளிப்போடாதீர்கள்: வெளிநாட்டில் குடும்பப் பல் மருத்துவரைத் தேடுவதில் நேரும் தவறுகள்

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளையிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு பல் கிளினிக்குக்குப் போய்ப் பாருங்கள். கல்ஃபில் பள்ளி விடுமுறை விட்டதும் குடும்பத்தோடு ஊருக்கு வந்தவர்கள் வரிசையில் இருப்பார்கள். 'அங்கே செலவு கூடுதல், ஊரில் போய்ப் பார்த்துக்கலாம்' என்று மாதக்கணக்காக வலியைப் பொறுத்தவர்கள். நான் முதல் தவறாகச் சொல்வது இதைத்தான்.

சொத்தை லீவுக்காகக் காத்திருக்காது. ஜனவரியில் ஒரு ஃபில்லிங்கில் முடிந்திருக்க வேண்டியது, ஆகஸ்டில் பல்லின் உள்நரம்பை அகற்றி அடைக்கும் ரூட் கெனாலில் வந்து நிற்கும். ரூட் கெனால் செய்த கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் பல்லை மூடும் கேப்பும் போட வேண்டும். தற்காலிக அடைப்போடு விமானம் ஏறினால், அது பெயர்ந்து பல் பிளந்துபோகலாம். இம்ப்ளாண்ட், அதாவது தாடை எலும்பில் திருகு பதித்துப் பொருத்தும் செயற்கைப் பல் என்றால், அந்தத் திருகு எலும்போடு சேரவே பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் ஆகும்; ஒரு மாத லீவுக்குள் அவசரப்படுத்தக் கூடாது. பல் பிடுங்குவதையும் கிளம்புவதற்கு முந்தின நாள் வைத்துக்கொள்ளாதீர்கள். பிடுங்கிய இடத்து ரத்தக்கட்டு விலகிக் குழி வறண்டால், கடும் வலி பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்துத்தான் தொடங்கும். அப்போது நீங்கள் திருவனந்தபுரம் விமான நிலையத்தைத் தாண்டியிருப்பீர்கள்.

தள்ளிப்போடுகிறவர்கள் வலி மாத்திரையைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போவது இன்னொரு ஆபத்து. டிரமடால், கோடீன் கலந்த மாத்திரைகள் ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை. மருந்துச்சீட்டும் முன் அனுமதியும் இல்லாமல் கொண்டுபோனால் வழக்கு வரை போகலாம்.

ஆகவே வலி வருமுன்பே ஆளைத் தேடுங்கள். குடியேறிய முதல் சில மாதங்களுக்குள் ஒரு க்ளீனிங்குக்குப் போனாலே மருத்துவரைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். எக்ஸ்ரே எதற்கு என்று சொல்கிறாரா, செய்யப்போகும் வேலையையும் செலவையும் எழுதித் தருகிறாரா, வேறு வழி உண்டா என்று கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்கிறாரா என்று கவனியுங்கள்.

நம் எல்லைப்பக்கத்தவருக்குத் தமிழும் மலையாளமும் வருவதால், கல்ஃபில் மலையாளி டாக்டரைக் கண்டதும் மனம் லேசாகிவிடும். வயதான அம்மா வலியைத் தன் பேச்சிலேயே சொல்ல முடிவது பெரிய விஷயம்தான். ஆனால் மொழியை மட்டும் நம்பிப் போகாதீர்கள். உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். துபாயில் துபாய் சுகாதார ஆணையமும், அபுதாபியில் அங்குள்ள சுகாதாரத் துறையும் உரிமம் வழங்குகின்றன. பிரிட்டனில் பல் மருத்துவர்களைப் பதிவு செய்யும் ஜெனரல் டென்டல் கவுன்சிலின் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். வீட்டு அறையில் ரகசியமாகப் பல் கட்டித் தருகிறவர்களிடம் எவ்வளவு மலிவானாலும் போக வேண்டாம்.

கம்பெனி தந்த இன்சூரன்ஸ் கார்டு பல்லுக்கும் செல்லும் என்று எண்ணிக்கொள்வதும் பரவலான தவறு. பல அடிப்படைத் திட்டங்களில் பல் சிகிச்சை இல்லை, அல்லது அவசரத்துக்கு மட்டும் உண்டு. எந்த கிளினிக் பட்டியலில் இருக்கிறது, முன் அப்ரூவல் வேண்டுமா, வருட வரம்பு எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் போங்கள். இங்கிலாந்தில் என்.எச்.எஸ். என்னும் அரசு மருத்துவச் சேவையின் பல் மருத்துவரை வீட்டுப் பக்கத்தில்தான் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; இடம் இருக்கும் எந்தக் கிளினிக்கிலும் கேட்கலாம். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அங்கே கட்டணம் கிடையாது. ஜெர்மனியில் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போய் போனஸ் ஏட்டில் பதிய வைத்தால், பிற்பாடு கேப், பல்செட்டுக்கான அடிப்படைச் சிகிச்சைச் செலவில் அரசுக் காப்பீடு தரும் பங்கு 60 சதவீதத்திலிருந்து ஐந்தாண்டில் 70 ஆகவும், பத்தாண்டில் 75 ஆகவும் கூடும். லீவை நம்பி அங்கே போகாமல் இருப்பவருக்கு இது நேரடி நஷ்டம்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. ஆறு வயதில் பால்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே நிலையான கடைவாய்ப் பல் முளைக்கும். 'பால்பல்தானே, விழுந்துவிடும்' என்று அதன் சொத்தையை விட்டுவிடுகிறார்கள். அது விழாது, போனால் போனதுதான். முதல் பல் வந்ததும், ஒரு வயதுக்குள் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

ஊரில் ஏற்கெனவே வேலை செய்திருந்தால் எக்ஸ்ரே படங்களையும் எந்தப் பல்லில் என்ன செய்தார்கள் என்ற குறிப்பையும் மெயிலில் வாங்கி வையுங்கள். இம்ப்ளாண்ட் போட்டவர்கள் அதன் கம்பெனிப் பெயரும் அளவும் உள்ள கார்டைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால், திருகு தளரும் நாளில் பொருந்தும் பாகத்தைத் தேடி அங்குள்ள மருத்துவர் திணறிப்போவார்.