ஸ்டெம் செல் விவாதத்தை எடைபோடுவது எப்படி?

தானும் பெருகி, வேறு வகைச் செல்களாகவும் மாறக்கூடிய செல்லே ஸ்டெம் செல். அதைப் பற்றிய ஆராய்ச்சியை ஒருவர் ஆதரித்தோ எதிர்த்தோ பேசும்போது, எந்தச் செல்லைப் பற்றிப் பேசுகிறார் என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாதி வாக்குவாதம் அந்தக் கேள்வியிலேயே அடங்கிவிடும். எலும்பு மஜ்ஜையில் ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்கள், ரத்தப் புற்றுநோய்க்குப் பல பத்தாண்டுகளாக வழக்கமான சிகிச்சையாகவே பயன்பட்டு வருகின்றன. அம்முறையை வளர்த்தெடுத்ததற்காக அமெரிக்க மருத்துவர் டொனால் தாமஸுக்கு 1990-இல் நோபல் பரிசும் கிடைத்தது. அதை எதிர்ப்பவர்கள் அரிது. 1998-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் தாம்சன் குழுவினர் மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டிய பிறகே சர்ச்சை மூண்டது. ஏறத்தாழ ஐந்து நாள் வளர்ந்த கருவின் உட்புறச் செல்களை அவ்வாறு எடுக்கும்போது அந்தக் கரு அழிந்துவிடும். மூன்றாவது வகை, 2006-இல் ஜப்பானிய அறிவியலாளர் ஷின்யா யமானாகா எலியின் உடற்செல்களில் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, அவற்றைக் கருச் செல்களை ஒத்த நிலைக்குத் திருப்பியதிலிருந்து வந்தது. அடுத்த ஆண்டே மனிதச் செல்களிலும் அது கைகூடியது.

அடுத்து, ‘இதனால் நோய் தீருமா?’ என்ற கேள்வியையும் ‘இதைச் செய்யலாமா?’ என்ற கேள்வியையும் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பவர்கள் சிகிச்சை பலிக்காது என்பதையும், ஆதரிப்பவர்கள் நோயாளிகளின் துயரத்தையும், அறம் பற்றிய கேள்விக்கே விடையாக நீட்டுவதுண்டு. இரண்டுமே அதற்கு விடையாகா. ஆராய்ச்சிக்குப் பயன்படும் கருக்களில் பெரும்பாலானவை செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சையில் மிஞ்சியவை. எப்படியும் அழிக்கப்படவிருப்பதைப் பயன்படுத்தலாம் என்பது ஒரு தரப்பின் வாதம். கருவுற்ற கணத்திலிருந்தே அது மனித உயிர் என்று கருதுவோருக்கு, அது மிஞ்சியது என்பதால் எதுவும் மாறிவிடுவதில்லை. இடைப்பட்ட நிலையாக, 14 நாள்களுக்கு மேல் கருவை ஆய்வகத்தில் வளர்க்கக் கூடாது என்ற வரம்பை 1984-இல் பிரிட்டனின் வார்னாக் குழு பரிந்துரைத்தது. 1990-இல் அது அங்கே சட்டமாயிற்று. ஏறக்குறைய அந்தக் கட்டத்தில்தான் உடலின் அச்சைக் குறிக்கும் முதற்கோடு கருவில் தோன்றுகிறது. அதன் பிறகு ஒரு கரு இரட்டையராகப் பிரிய வாய்ப்பு இல்லை என்பதே அவ்வெல்லைக்குச் சொல்லப்பட்ட நியாயம். இயற்கை போட்ட கோடாக அதைக் காட்டுவோர் உண்டு. மனிதர்கள் உடன்பட்டு வகுத்துக்கொண்ட கோடு என்பதே என் கருத்து.

சட்டச் செய்திகளைப் படிக்கும்போது, தடை என்கிறார்களா, நிதி மறுப்பு என்கிறார்களா என்று பாருங்கள். 2001-இல் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் கரு ஸ்டெம் செல் ஆராய்ச்சியையே தடைசெய்துவிட்டார் என்று இன்றும் எழுதுகிறார்கள். அதுவரை உருவாக்கப்பட்டிருந்த செல் வரிசைகளுக்கு (ஒரே மூலத்திலிருந்து ஆய்வகத்தில் தொடர்ந்து பெருக்கப்படும் செல்களுக்கு) மட்டுமே மத்திய அரசின் நிதி என்று அவர் வரையறுத்தார். தனியார் பணத்திலும் மாநிலப் பணத்திலும் ஆராய்ச்சி தொடர்ந்தது. 2004-இல் கலிபோர்னியா வாக்காளர்கள் 300 கோடி டாலரை இதற்கென ஒதுக்க ஒப்புதல் அளித்தார்கள். மத்திய நிதிக் கட்டுப்பாட்டை 2009-இல் ஒபாமா தளர்த்தினார்.

யமானாகாவின் முறை வந்ததும் விவாதம் முடிந்துவிட்டது என்ற கூற்றையும் அப்படியே ஏற்க வேண்டாம். அவர் பயன்படுத்திய நான்கு மரபணுக்களுள் ஒன்று புற்றுநோயுடன் தொடர்புடையது. அம்முறையில் உருவான விழித்திரைச் செல்கள் 2014-இல் ஜப்பானில் முதன்முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டன. இரண்டாம் நோயாளிக்கென வளர்த்த செல்களில் மரபணு மாற்றங்கள் தென்பட்டதால், அச்சிகிச்சை நிறுத்திவைக்கப்பட்டது.

மருத்துவ நம்பிக்கையை அளக்க, சோதனை எலியிலா மனிதரிலா, எத்தனை பேரில், எவ்வளவு காலம் என்று கேளுங்கள். ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய இன்சுலின் சுரக்கும் செல்களை முழு அளவில் பெற்ற 12 முதல்வகை நீரிழிவு நோயாளிகளில் 10 பேருக்கு ஓராண்டுக்குப் பின் இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை என்று 2025-இல் வெளியான முடிவு, உண்மையிலேயே மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அவர்கள் நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளைத் தொடர்ந்து உட்கொள்ள வேண்டியிருந்தது. பரபரப்பான முடிவு எதுவாயினும் வேறொரு ஆய்வகம் அதைச் செய்து காட்டியதா என்று பாருங்கள்: மனிதக் கருவைப் படியாக்கி (குளோனிங் செய்து) ஸ்டெம் செல் எடுத்ததாகத் தென்கொரியாவின் ஹுவாங் வூ-சுக் வெளியிட்ட இரு கட்டுரைகளும் மோசடி என்று தெரியவந்து, 2006-இல் திரும்பப் பெறப்பட்டன.

நோயாளியாகவோ உறவினராகவோ ஒரு சிகிச்சையகத்தின் வாசலில் நிற்கும்போது எச்சரிக்கை இருமடங்காக வேண்டும். அமெரிக்காவில் சொந்தக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களைக் கண்ணில் செலுத்திக்கொண்ட மூன்று பெண்கள் கடுமையாகப் பார்வை இழந்த செய்தி 2017-இல் மருத்துவ இதழில் வெளியானது. மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் அது இடம்பெற்றிருந்ததைக் கண்டு முறையான ஆராய்ச்சி என்று நம்பியவர்களும் அவர்களில் இருந்தார்கள். பதிவேட்டில் பெயர் இருப்பது அரசின் அங்கீகாரம் ஆகாது. அவர்களிடம் கட்டணமும் வசூலிக்கப்பட்டது; சோதனையில் பங்கேற்பவரிடமே சிகிச்சைக்குப் பணம் கேட்பது முதல் அபாய அறிகுறி. முறையான சோதனையில் ஒரு கண்ணில் செலுத்திப் பல நாள் கவனித்த பிறகே மறுகண்ணைப் பற்றி யோசிப்பார்கள். இங்கே இரு கண்களிலும் ஒரே நாளில் செலுத்தியிருக்கிறார்கள். ஆகவே, செல் எங்கிருந்து எடுக்கப்படுகிறது, எந்த அறநெறிக் குழு ஒப்புதல் தந்தது, பாதிப்பு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் பெறாமல் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள்.