பல வருஷம் கழித்துப் பாவசங்கீர்த்தனம்: எப்படித் தயாராவது, எப்படிச் செய்வது

குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்தைச் செய்து பத்து, இருபது வருஷம் ஆனவர்கள் எல்லாப் பங்கிலும் இருக்கிறார்கள். இவர்களில் பலருக்கு விசுவாசம் போய்விடவில்லை. புதுநன்மைக்கு (முதல் முறை நற்கருணை வாங்கும்போது) மனப்பாடம் செய்த வார்த்தைகள் மறந்துபோயின, எங்கே ஆரம்பிப்பது என்ற கூச்சம் வந்துவிட்டது, அவ்வளவுதான். ஒப்புரவு அருட்சாதனம் என்று இன்றைக்கு வழங்கும் இதற்கு, நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்பும் கத்தோலிக்கருக்காகவே இந்தக் குறிப்புகள்.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். நீங்கள் சரியாகச் சொல்லி முடித்தால் கூலியாகக் கிடைப்பதல்ல அருள். ‘போக வேண்டும்’ என்ற நினைப்பு வந்ததே, அது அருள் உங்களுக்குள் ஏற்கெனவே வேலை செய்வதால் வந்தது. லூக்கா 15-இல் இளைய மகன், அப்பாவிடம் சொல்ல வேண்டியதை வழியிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு வருகிறான். ‘என்னைக் கூலியாளாக வைத்துக்கொள்ளும்’ என்பது அதன் கடைசி வரி. அந்த வரிக்கு அவன் வந்து சேருவதற்குள் அப்பா வேலைக்காரர்களைக் கூப்பிட்டு ஆடை கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். ஆனாலும் அவன் தயாரித்தது வீணாகவில்லை. எழுந்து நடக்க வைத்தது அதுதானே. கீழே வரும் தயாரிப்பையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஞானோபதேசம் (மறைக்கல்விப் பாடம்) ஐந்து காரியங்களைக் கேட்கும்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம் (மனம் வருந்துதல்), பிரதிக்கினை (இனிச் செய்வதில்லை என்ற முடிவு), குருவிடம் பாவங்களை அறிவித்தல், அபராதம் தீர்த்தல் (குரு கொடுக்கும் தவச்செயலைச் செய்து முடித்தல்). தமிழ் எழுத்தில் அச்சுப் புத்தகம் வரத் தொடங்கி இரண்டே வருஷத்தில், 1580-இல், போர்த்துக்கேய இயேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளார் கொச்சியில் அச்சேற்றிய ஒரு நூல் பாவசங்கீர்த்தனத்துக்கு வழிகாட்டுவதற்கென்றே எழுதப்பட்டது. அந்த ஐந்தும் இன்றைக்கும் மாறவில்லை.

எப்போது, யாரிடம்

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரத்தில் போகாதீர்கள். வரிசை நீளமாக இருக்கும், ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் கிடைக்காது. பூசைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சக்ரீஸ்துக்குள் (குரு பூசைக்கு உடை மாற்றும் அறைக்குள்) போய்ச் சாமியாரைப் பிடிப்பதும் வேண்டாம். வார நாளில் போன் செய்து, “பாதர், பாவசங்கீர்த்தனம் பண்ணி ரொம்ப வருஷமாச்சு, ஒரு அரை மணி நேரம் வேணும்” என்று கேளுங்கள். இந்த வாக்கியத்தைக் கேட்டு வருத்தப்படும் குருவானவர் அபூர்வம். பங்குச் சாமியார் முகம் தெரிந்தவர், அதனால் வாய் வராது என்றால் பக்கத்துப் பங்குக்கோ, வேளாங்கண்ணி, பூண்டி போன்ற திருத்தலங்களுக்கோ போகலாம். போனில் நேரம் கேட்கலாம், போனிலேயே பாவசங்கீர்த்தனம் செய்ய முடியாது. நேரில் இருந்தாக வேண்டும்.

ஆத்தும சோதனை

இதற்கு ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் உட்காராதீர்கள். அரை அரை மணி நேரமாக இரண்டு நாள் போதும். தூய ஆவியாரை வேண்டிக்கொண்டு, பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து, கடைசியாகச் செய்த நல்ல பாவசங்கீர்த்தனத்திலிருந்து இன்றுவரை நடந்ததை ஒரு தாளில் குறியுங்கள். செல்போனில் எழுத வேண்டாம், தாளென்றால் முடிந்ததும் கிழித்துப் போட்டுவிடலாம். ஏற்கெனவே சொல்லி மன்னிப்புப் பெற்றவற்றைத் திரும்ப எழுதத் தேவையில்லை.

எழுதியதில் சாவான பாவங்களைத் தனியாகப் பிரியுங்கள். மூன்றும் சேர்ந்தால்தான் சாவான பாவம்: விஷயம் கனமானதாக இருக்க வேண்டும், அது கனமானது என்று தெரிந்திருக்க வேண்டும், முழு மனதோடு செய்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது அற்பப் பாவம். சாவான பாவங்களை வகையும் எண்ணிக்கையும் சொல்லி அறிவிப்பது கடமை, திருச்சபைச் சட்டம் 988 அதைத்தான் கேட்கிறது. அற்பப் பாவங்களைச் சொல்வது கட்டாயமில்லை, நல்லது.

இருபது வருஷத்துக் கணக்கில் எண்ணிக்கை எப்படி வரும்? துல்லியமாக வராது, வரவும் வேண்டாம். “ஞாயிறு பூசைக்கு ஏழெட்டு வருஷமா போகலை, கிறிஸ்துமஸ், ஈஸ்டர் மட்டும் போனேன்” என்றால் அது நேர்மையான எண்ணிக்கை. “நிறைய தடவை” என்றால் குருவுக்கு ஒன்றும் விளங்காது.

வகை என்பதற்கு ஓர் உதாரணம். தாளில் ‘பொறாமை’ என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். தம்பி புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிப் போகாமல் இருந்தீர்கள், பிறகு ‘கடன் வாங்கிக் கட்டியது’ என்று சொந்தக்காரர்களிடம் பரப்பினீர்கள். இப்போது அங்கே பொறாமை, பொய், அவதூறு என மூன்று இருக்கின்றன. மூன்றாவதற்குப் பரிகாரமும் தேவைப்படுகிறது. ஒற்றைச் சொல்லோடு நின்றிருந்தால் அது தெரிந்திருக்காது.

நம் பக்கத்து ஆத்தும சோதனையில் அடிக்கடி விடுபடுவது சாதி. கல்லறைத் தோட்டத்தில் நடுச்சுவர் வேண்டும் என்று நின்றது, தேர் இன்ன தெருவுக்குள் வரக்கூடாது என்று மறித்தது, வேறு சாதியில் கட்டியதற்காக மகளை வீட்டுக்குள் சேர்க்காதது. இவற்றை ஊர் வழக்கம் என்று ஒதுக்கிவிட்டு, ‘வெள்ளிக்கிழமை இறைச்சி சாப்பிட்டேன்’ என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தால் அந்தச் சோதனை நடக்கவே இல்லை. வரதட்சணைக்கு மருமகளைக் கசக்கியதும் இதே வரிசைதான்.

மனஸ்தாபமும் பிரதிக்கினையும்

கண்ணீர் வந்தால்தான் மனஸ்தாபம் என்றில்லை. செய்ததை வெறுத்து, இனி வேண்டாம் என்று மனம் முடிவெடுப்பதே மனஸ்தாபம். நரகத்துக்குப் பயந்து வருந்தினாலும் இந்த அருட்சாதனத்துக்குப் போதும். கடவுளின் அன்பை நினைத்து வருந்தினால் அது உத்தம மனஸ்தாபம். முடிந்தவரை விரைவில் பாவசங்கீர்த்தனம் செய்யும் உறுதியோடு கூடிய உத்தம மனஸ்தாபம் சாவான பாவத்தையும் போக்கும் என்பது திருச்சபையின் போதனை. விபத்திலோ ஐசியூவிலோ குரு வருவதற்குள் என்ன செய்வது என்று தவிக்கிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பிரதிக்கினை என்றால் ‘இனி விழவே மாட்டேன்’ என்ற உத்தரவாதம் அல்ல. விழுந்துவிடுவோமோ என்ற பயம் இருக்கலாம். விழும் இடத்துக்குத் தெரிந்தே போவதில்லை என்ற முடிவு இருக்க வேண்டும். தவறான உறவை நாளைக்கும் தொடர்வதாக உள்ளுக்குள் முடிவு செய்துகொண்டு முழங்காலிட்டால், குரு என்ன சொன்னாலும் மன்னிப்பு தங்காது. திருமணச் சிக்கல் இருப்பவர்கள் அதை முதலில் தனியாகப் பேசித் தீர்வு கேட்பது நல்லது. வரிசையில் நின்று பேசி முடிகிற விஷயம் அல்ல அது.

உள்ளே போனதும்

சிலுவை அடையாளம் வரையுங்கள். “சாமி, என்னை ஆசீர்வதியும். நான் பாவி. பாவசங்கீர்த்தனம் செய்து ஏறக்குறைய பதினெட்டு வருஷமாகிறது” என்று தொடங்குங்கள். அடுத்த வரியிலேயே, “முறை மறந்துவிட்டது, கொஞ்சம் உதவி செய்யுங்கள்” என்று சொல்லிவிடுங்கள். மீதியை அவர் நடத்திக்கொள்வார்.

எது சொல்ல அதிகக் கூச்சமோ அதை முதலில் சொல்லுங்கள். கடைசிக்கு வைத்தால் விழுங்கிவிடத் தோன்றும். சாவான பாவம் ஒன்றைத் தெரிந்தே மறைத்தால் மொத்தமும் செல்லாமல் போவதோடு, அருட்சாதனத்தையே அவமதித்ததாகும். உண்மையாகவே மறந்துபோனதென்றால் பயம் வேண்டாம், அதுவும் மன்னிக்கப்பட்டுவிட்டது. நினைவுக்கு வரும்போது அடுத்த முறை சொன்னால் போதும்.

அடிக்கடி நடக்கும் இன்னொரு தவறு, மாமியாரின் பாவத்தையும் வீட்டுக்காரரின் பாவத்தையும் சொல்லிக்கொண்டிருப்பது. பின்கதை, நியாயம், பெயர்கள் எதுவும் வேண்டாம். உங்கள் பங்கை மட்டும் சொல்லுங்கள்.

கருக்கலைப்பைச் சொன்னால் மன்னிப்பே கிடையாது என்ற பயத்தில் பல பெண்கள் வருஷக்கணக்காக வெளியே நிற்கிறார்கள். அப்படியில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2016 நவம்பரில் எல்லாக் குருக்களுக்கும் அந்தப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை நீட்டித்தார். அந்தச் சுமையோடு எந்தப் பெண்ணும் இன்னொரு தவக்காலத்தைக் கடக்க வேண்டியதில்லை.

சொன்னது வெளியே போகுமா? போகாது. குரு எந்தக் காரணத்துக்காகவும், வார்த்தையாலோ சாடையாலோ, அதை வெளியிட முடியாது. நேரடியாக வெளியிட்டால் அந்தக் கணமே அவர் திருச்சபைக்குப் புறம்பாகிறார். மொழி தெரியாத ஊரில் மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொண்டால் அவரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்.

குரு அறிவுரை சொல்லி அபராதம் கொடுத்த பிறகு மனத்துயர் மன்றாட்டு. மறந்திருந்தால் சொந்த வார்த்தையில், “ஆண்டவரே, என் பாவங்களுக்காக மனம் வருந்துகிறேன், உம் அருளால் இனிச் செய்யமாட்டேன், பாவியாகிய என்மேல் இரங்கும்” என்றால் போதும். அவர் கையை நீட்டி மன்னிப்பு வழங்கும்போது வேறு செபம் முணுமுணுக்காமல் கேளுங்கள். பாவம் நீங்குவது அந்த வார்த்தைகளில்தான். முடிவில் தெளிவாக “ஆமென்” சொல்லுங்கள்.

அபராதமும் ஈடுசெய்தலும்

ஐந்து பரலோக மந்திரம், அருள் நிறைந்த மந்திரம், திரித்துவப் புகழ் என்று செபம் கொடுத்திருந்தால், கோயிலை விட்டு வெளியே வருவதற்குள் முடித்துவிடுங்கள். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்றால் மறந்துபோகும். கொடுத்த அபராதம் செய்ய முடியாததாக இருந்தால் அங்கேயே சொல்லி மாற்றிக் கேட்கலாம்.

ஈடுசெய்வது அபராதத்திலிருந்து வேறானது, அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மளிகைக் கடையில் கிலோவுக்கு 50 கிராம் குறைத்து நிறுத்தவர், தெரிந்த வாடிக்கையாளருக்கு எப்படியாவது ஈடுகட்ட வேண்டும், காரணம் சொல்லிக்கொண்டு கொடுக்கத் தேவையில்லை. யாரென்றே தெரியாதவர்களுக்குச் சேர வேண்டிய தொகையை ஏழைகளுக்குக் கொடுக்கலாம். தராசை அன்றைக்கே சரிசெய்ய வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் பெயரைக் கெடுத்திருந்தால் அதே குரூப்பில் திருத்த வேண்டும், அவருக்கு மட்டும் தனியாக மன்னிப்பு அனுப்பினால் கேட்ட நாற்பது பேரின் மனதில் அது அப்படியே கிடக்கும்.

இரண்டு மூன்று நாளில் ‘சரியாகச் சொன்னேனா, அதை விட்டுவிட்டேனோ’ என்று மனம் அரிக்கத் தொடங்கலாம். தெரிந்தே எதையும் மறைக்கவில்லை என்றால் ஓடிப்போய்த் திரும்பச் சொல்லாதீர்கள். இந்த அரிப்பு விடாமல் தொடர்ந்தால் ஒரே குருவிடம் தொடர்ந்து போய், அவர் சொல்வதை அப்படியே கேளுங்கள். அடுத்த ஞாயிறு நற்கருணை வாங்குங்கள். அடுத்த பாவசங்கீர்த்தனத்துக்கு மாதத்தின் முதல் வெள்ளியை இன்றைக்கே காலண்டரில் வட்டமிடுங்கள். அப்போது தாளில் நாலைந்து வரிதான் இருக்கும், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.