மச்சில் கிடக்கும் ரெக்கார்டுகள்: பிளேயரில் கேட்பதா, ஃபைலாக மாற்றுவதா?

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பக்கம் பழைய வீட்டைப் பிரிக்கும்போது மச்சிலிருந்து ஒரு பெட்டி ரெக்கார்டு இறங்குவதுண்டு. பாதி தமிழ், பாதி மலையாளம். கல்யாண வீடுகளுக்குக் குழாய் கட்டிய ரேடியோ செட்காரர் வீடென்றால் நூறு, இருநூறுகூடத் தேறும். கண்டதும் பிளேயர் விலையைத் தேட உட்காராதீர்கள். எதைப் பிளேயரில் கேட்பது, எதை ஃபைலாக மாற்றுவது, எதை ஆக்கர்கடைக்கு (பழைய சாமான் கடை) விடுவது என்பதெல்லாம் தட்டைப் பார்த்த பிறகுதான்.

1. வேகம் பார்த்துப் பிரியுங்கள்

10 அங்குலம், நல்ல கனம், வளையவே வளையாது என்றால் அது நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அரக்குத் தட்டு. கைதவறினால் ஓடு போல உடையும். 7 அங்குல இ.பி. பெரும்பாலும் 45 சுற்று. சிலது 33, லேபிளைப் பாருங்கள். 12 அங்குல எல்.பி. 33⅓ சுற்று, பக்கத்துக்கு 20 நிமிடம் சுமார்.

78-ஐத் தனியே வையுங்கள். அதன் பள்ளம் அகலமானது, 3 மில் ஊசி வேண்டும் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). எல்.பி.க்கான 0.7 மில் ஊசியை வைத்தால் அது பள்ளத்தின் அடியில் கிடக்கும் அழுக்கைத்தான் வாசிக்கும். தொடக்கக்காரர்கள் வாங்கும் பிளேயர்கள் பலவற்றில் 78 வேகமே கிடையாது. ஆடியோ டெக்னிக்கா எல்பி60எக்ஸ் ஓர் உதாரணம்: 33, 45 மட்டும்தான்.

2. பள்ளத்தைப் பாருங்கள்

போன் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். கறுப்பாகப் பளபளத்தால் நல்லது. பாட்டு உள்ள பகுதி சாம்பல் பூத்திருந்தால் தேய்ந்த ஊசியும் அதைத் தாங்கும் பிளேயரின் கனத்த கையும் பள்ளச் சுவரை அரைத்துவிட்டன என்று பொருள். ரேடியோ செட் தட்டுகளில் இது சகஜம். பாடகர் உச்சஸ்தாயிக்குப் போகும்போதெல்லாம் கரகரக்கும். எவ்வளவு கழுவினாலும் போகாது. வெள்ளைப் புள்ளிகள் பூஞ்சணம், அது போகும். கீறல் இருந்தால் நகத்தால் மெல்லக் குறுக்கே தடவுங்கள். நகம் சிக்கினால் எல்.பி.யில் 1.8 விநாடிக்கு ஒரு 'டக்' நிச்சயம்.

3. கழுவாமல் ஊசி வைக்காதீர்கள்

குழாய்த் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் உப்பு பள்ளத்தில் தங்கும். பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரி தண்ணீர் போதும். ஆசிட் கலந்ததைத் தந்துவிடப் போகிறார்கள், கேனைப் படித்து வாங்குங்கள். ஒரு லிட்டருக்குப் பாத்திரம் கழுவும் லிக்விட் 2 சொட்டு. லேபிள் மேல் ஒரு டப்பா மூடியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, மைக்ரோஃபைபர் துணியால் பள்ளம் ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும். பிறகு வெறும் பேட்டரி தண்ணீரில் ஒரு தரம். தட்டு ஸ்டாண்டில் நிறுத்தி ஃபேன் காற்றில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் அப்பளம் போல நெளியும்.

பூஞ்சணம் விடாமல் பிடித்திருந்தால் நாலு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். இது எல்.பி., இ.பி.க்கு மட்டும். 78-இல் பட்டால் அரக்கே கரையும். அதற்கு ஈரத் துணியால் ஒரு துடைப்பு, உடனே உலர்ந்த துணி, அவ்வளவுதான்.

பழைய உள்காகித உறையைக் கழித்துவிடுங்கள், பூஞ்சணம் குடியிருப்பது அதில்தான். இடவப்பாதி மழையும் ஐப்பசி மழையும் சேர்ந்து நனைக்கிற ஊர் இது. வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். திரும்ப மச்சில் ஏற்ற வேண்டாம். ஓட்டுச் சூட்டில் நெளிந்துவிடும்.

4. இனி முடிவு

ஒவ்வொரு பாட்டையும் போனில் பாட்டுக் கேட்கும் ஆப்பில் தேடுங்கள். சினிமாப் பாட்டுகளில் பெரும்பகுதி இருக்கும், தேய்ந்த தட்டைவிடத் தெளிவாகவும் இருக்கும். ஆனால் எதிரொலியும் புது டிரம்மும் ஏற்றிய பதிப்பாகவும் இருக்கலாம், அரை நிமிடம் கேட்டுப் பாருங்கள். கதை வசனத் தட்டு, நாடகம், உள்ளூர் பக்திப் பாடல் எல்லாம் தேடினாலும் கிடைப்பது அரிது. முதலில் ஃபைலாக வேண்டியவை அவைதான்.

தெளிவுக்காக ரெக்கார்டு வாங்குகிறேன் என்பவர் ஏமாறுவார். சிடியின் ஒலி வீச்சு (மிக மெல்லிய ஒலிக்கும் மிகச் சத்தமான ஒலிக்கும் உள்ள இடைவெளி) 96 டெசிபல், நல்ல எல்.பி.யே 60, 70-இல் நிற்கும். இப்போது வரும் புது எல்.பி.கள் பலவும் டிஜிட்டல் மாஸ்டரிலிருந்து வெட்டியவைதான். பெரிய அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இருபது நிமிடத்துக்கொரு தரம் எழுந்து திருப்பிப்போட்டுக் கேட்கப் பிடிக்குமென்றால் தாராளமாக வாங்குங்கள். வீட்டில் பெட்டியே இல்லாத புதியவருக்கு ஆப்பும் நல்ல ஹெட்போனும் போதும்.

5. பிளேயர் வாங்கினால்

சமதளத்தில் வையுங்கள். கனம் மாற்றக்கூடிய கை என்றால் முதலில் அது தராசுபோல் மிதக்கும்படி பின் எடையைத் திருகி, அங்கே எடையின் எண் வளையத்தைப் பூஜ்யத்தில் வைத்து, ஊசிக்குச் சொன்ன கனத்தைக் கொடுங்கள். உதாரணமாக, ஆடியோ டெக்னிக்காவின் ஏடி-விஎம்95இ ஊசிக்கு 2 கிராம். கனம் குறைந்தால் தட்டுக்கு நல்லது என்பது தவறு: ஊசி துள்ளித் துள்ளிப் பள்ளத்தைக் கொத்தும். கனம் மாற்ற முடியாத சூட்கேஸ் பிளேயரில் அரிய தட்டைப் போடாதீர்கள்.

சத்தம் ஈனமாக, பேஸே இல்லாமல் வந்தால் நடுவில் ஃபோனோ பிரீஆம்ப் (ஊசியின் சிக்னலைப் பெருக்கிக் கொடுக்கும் கருவி) இல்லை. ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். கொரகொரவென்று வெடித்தால் பிளேயரிலும் ஆம்பிலும் பிரீஆம்ப் சேர்ந்து ஓடுகிறது, ஒன்றை அணையுங்கள். 'ம்ம்ம்' என்று இரைந்தால் எர்த் வயரைப் பாருங்கள்.

6. ஃபைலாக்க

பிளேயர், பிரீஆம்ப், ஒலியை லேப்டாப்புக்குள் கொண்டுபோகும் யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், லேப்டாப்பில் ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருள். லேப்டாப்பின் மைக் ஓட்டையில் நேரே சொருகாதீர்கள். அது பெரும்பாலும் மோனோ (ஒற்றைச் சேனல்), ஒலியும் உடையும். தட்டில் மிகச் சத்தமான இடத்தை முதலில் ஓட்டி, உச்சம் -6 டெசிபலைத் தாண்டாமல் அளவை வையுங்கள். பதிவுத் தரம் 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். ஒரு பக்கம் முழுதும் பதிந்த பிறகு பாட்டுகளைப் பிரிக்கலாம்.

பழைய தட்டு மோனோ என்றால் பதிந்த இரண்டு சேனலையும் ஒன்றாகக் கலந்துவிடுங்கள். மோனோ தட்டில் பாட்டு இருப்பது ஊசியின் பக்கவாட்டு அசைவில் மட்டும். மேல்கீழ் அசைவு முழுக்க இரைச்சல். கலந்ததும் அந்த இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். இரைச்சல் நீக்கும் கருவியை அளவாகத் தொடுங்கள், மிஞ்சினால் கிணற்றுக்குள் பாடுவது போலிருக்கும்.

40 நிமிட எல்.பி. வேவ் கோப்பாக 635 எம்பி வரும், தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் கோப்பில் ஏறக்குறையப் பாதி. ஃப்ளாக்கை இரண்டு இடத்தில் வையுங்கள். கல்ஃபில் இருக்கும் மாமாவுக்கு அனுப்ப 320 கேபிபிஎஸ் எம்பி3 கோப்பு போதும், நிமிடத்துக்கு 2.4 எம்பி. கோப்பின் பெயரில் பாட்டோடு லேபிளில் உள்ள தட்டு எண்ணையும் சேர்த்து எழுதி, இருபக்க லேபிளையும் போட்டோ எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள்.