75 ஆண்டுப் பழைய கிராமத்துக்குள் புதுக்குரலாக நுழைவது எப்படி?

நெடுங்காலமாக ஓடிக்கொண்டிருக்கும் வானொலித் தொடரில் உங்களுக்கு ஒரு பாத்திரம் கிடைத்துவிட்டால், வசனத்தை மனப்பாடம் செய்ய உட்காருவதற்கு முன்னால் நீங்கள் நேயராக மாற வேண்டும். பிபிசியின் 'தி ஆர்ச்சர்ஸ்' தொடரை எடுத்துக்கொள்வோம். 1950ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மத்தியப் பகுதிக்கு மட்டும் ஒரு வாரம் சோதனையாக ஒலிபரப்பாகி, 1951 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் கேட்கத் தொடங்கிய அந்த நாடகம், இன்றும் ரேடியோ 4இல் சுமார் 13 நிமிடப் பகுதிகளாக வந்துகொண்டிருக்கிறது. கதை நடக்கும் ஆம்பிரிட்ஜ் கிராமமும், அது இருக்கும் போர்செட்ஷயர் மாவட்டமும் எந்த வரைபடத்திலும் இல்லை. ஆனால் அங்கே எந்தப் பண்ணைக்கு அடுத்து எந்தப் பண்ணை, யாருக்கு யார் சம்பந்தி என்பதெல்லாம் நேயர்களுக்கு அத்துப்படி. உங்களுக்குத்தான் தெரியாது.

20,000 பகுதிகளுக்கும் மேல் ஓடிவிட்ட தொடரை முழுவதும் கேட்டு முடிக்க ஒருவராலும் ஆகாது, தேவையும் இல்லை. கடைசி மூன்று மாதப் பகுதிகளையும், உங்கள் பாத்திரத்தின் குடும்பத்தில் நடந்த பெரிய சாவு, கல்யாணம், சண்டை ஆகியவற்றையும் கேட்டால் போதும். கேட்கும்போது ஒரு தாளில் உறவுமுறையை வரைந்துகொள்ளுங்கள். யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்பதைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்த் தொடரென்றால் இது இன்னும் முக்கியம்: சித்தியை ஒரு தடவை 'அத்தை' என்று கூப்பிட்டுவிட்டால், அடுத்த வாரம் நிலையத்துக்கு வரும் கடிதங்களில் உங்கள் நடிப்பைப் பற்றி ஒரு வரியும் இருக்காது.

தொடர் எதற்காகப் பிறந்தது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. போருக்குப் பிந்தைய உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்தில், விளைச்சலைப் பெருக்கும் வழிகளை விவசாயிகளின் காதில் கதையாகப் போடுவதற்காகவே காட்ஃப்ரி பேஸ்லி 'தி ஆர்ச்சர்ஸ்' தொடரை உருவாக்கினார். அந்தப் போதனை வேலை 1970களில் கைவிடப்பட்டது என்றாலும், எழுத்தாளர்களுக்கு விவசாய விவரம் சொல்லித் தர ஆள் வைத்துக்கொள்ளும் வழக்கம் நிற்கவில்லை. ஆகவே ஆடு ஈனும் காலம், தீவனம், நோய் பற்றிய சொற்கள் உங்கள் வாயிலிருந்து தினமும் புழங்கும் சொற்களைப் போல வர வேண்டும். பொருள் புரியாமல் சொன்ன சொல்லை மைக் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

குரல் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் குரலின் அழகைவிட, ஒரே காட்சியில் வரும் மற்ற மூவரின் குரலிலிருந்து அது பிரிந்து கேட்கிறதா என்பதைத்தான் இயக்குநர் முதலில் பார்ப்பார். பத்துக் குரலில் பேசிக் காட்டாதீர்கள். பல ஆண்டுகள் தாங்கக்கூடிய ஒரே குரலில் பேசுங்கள்.

இனி ஒலிப்பதிவு நாள். 'தி ஆர்ச்சர்ஸ்' பர்மிங்காம் நகரில் மெயில்பாக்ஸ் என்னும் கட்டடத்தில் பதிவாகிறது. ஒரு பகுதிக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ இரண்டு மணி. ஒரு முறை வாசிப்பு, ஒரு சிறு ஒத்திகை, பிறகு பதிவு என்று வேலை நகர்ந்துவிடும் என்பதால், பாத்திரத்தின் மனநிலையை அங்கே நின்று ஆராய்ந்துகொண்டிருக்க முடியாது. வீட்டிலேயே ஆராய்ந்துவிட்டு வர வேண்டும். வயல்வெளிக் காட்சிக்கு எதிரொலியே இல்லாத அறை, வீட்டுக் காட்சிக்குச் சுவர் லேசாக ஒலிக்கும் இடம் என்று கூடத்தைப் பிரித்து வைத்திருப்பார்கள். எதிரொலியற்ற அறைக்குள் முதல் தடவை போகிறவருக்குத் தன் குரல் செத்துவிட்டது போலத் தோன்றும். பயந்து கத்த வேண்டாம். திறந்தவெளியில் குரல் அப்படித்தான் இருக்கும்.

தாள்களைப் பின் அடிக்காமல் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கம் முடியும் முன்பே அடுத்த தாளின் முதல் வரியைக் கண் தொட்டிருக்க வேண்டும். முடிந்த தாளைப் பக்கவாட்டில், மைக்கை விட்டு விலக்கி மெதுவாக இறக்க வேண்டும். சலசலக்காத பருத்தி உடை போதும். இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரு தமிழ்த் தொடரில் முதன்முதலாகப் பேசப் போனபோது, கையில் கண்ணாடி வளையல் இருப்பதையே மறந்திருந்தேன். நான் பேசியதோ தாலி இழந்து மூன்றாம் நாள் அழும் பெண்ணின் வசனம். தாளைத் திருப்பிய ஒவ்வொரு முறையும் கலகலவென்று சத்தம். தயாரிப்பாளர் கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து கோபப்படாமல், "அம்மா, இந்த அம்மாளுக்கு ஏன் இத்தனை குதூகலம்?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து வளையலையும் கைக்கடிகாரத்தையும் வாசலிலேயே கழற்றிவிடுவேன். வெறும் வயிற்றோடும் போகாதீர்கள். மைக்குக்கு வயிற்று இரைச்சலும் வசனம்தான்.

உங்கள் பக்கத்திலேயே நின்று ஒலிகளை உண்டாக்குபவர் உங்கள் சக நடிகர் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஆம்பிரிட்ஜில் பண்ணைக் கதவு திறக்கும் சத்தம் ஒரு பழைய இஸ்திரிப் பலகையிலிருந்து வந்திருக்கிறது. ஆட்டுக்குட்டி பிறப்பதற்கு ஈரத் துண்டும், கையால் பிசையும் தயிரும் போதும். அங்கே ஒருவர் கண்ணெதிரே தயிரைப் பிசைந்துகொண்டிருக்க, நீங்கள் கவலை தோய்ந்த குரலில் "மூச்சு விடுகிறதா?" என்று கேட்க வேண்டும். சிரிப்பு வராமலிருக்க ஒரே வழி, அவர் கையைப் பார்க்காமல் தாளைப் பார்ப்பதுதான். வசனத்துக்கு நடுவே அவருக்கு இடமும் விடுங்கள். கதவு திறந்து முடியும் முன் உள்ளே வந்துவிட்டவரைப் போலப் பேசினால் காட்சி கெட்டுவிடும்.

புதியவரை மிகவும் தடுமாற வைப்பவர்கள் பழையவர்கள்தாம். நார்மன் பெயின்டிங் 1950 முதல் 2009இல் மறையும் வரை ஃபில் ஆர்ச்சராகவே பேசினார். 1950இல் பெக்கியாகப் பேசத் தொடங்கிய ஜூன் ஸ்பென்சர், இடையில் சில ஆண்டுகள் விலகியிருந்தபோதும், 103 வயதில் 2022இல்தான் ஓய்வு பெற்றார். அத்தகையவர்களிடம் போட்டியிட்டுக் காட்சியைப் பிடுங்க நினைப்பது வீண். அவர்கள் எங்கே மூச்சு விடுகிறார்கள், எந்தச் சொல்லை விழுங்குகிறார்கள் என்று கேட்டு, அந்த நடைக்குப் பக்கத்தில் நடங்கள். ஊருக்குப் புதிதாக வந்தவர் பாத்திரமென்றால் சற்றுத் தயக்கம்கூடப் பொருந்தும். அந்த வீட்டிலேயே பிறந்தவர் பாத்திரமென்றால் அந்தத் தயக்கம் ஒரு நொடியும் கேட்கக் கூடாது.

வேறொருவர் பேசிய பாத்திரத்தை ஏற்கிறீர்கள் என்றால் சங்கடம் இரட்டிப்பு. பல்லாண்டுகள் டோனி ஆர்ச்சராகப் பேசிய காலின் ஸ்கிப்புக்குப் பிறகு, 2014இல் டேவிட் டிரௌட்டன் அந்தப் பாத்திரத்தை ஏற்றார். டோனியின் மகனாக அதே ஆண்டு வந்தவர் டிரௌட்டனின் சொந்த மகனே என்பதால், அப்பா பிள்ளைக் குரல் ஒற்றுமை இயல்பாகவே அமைந்தது. அந்த வாய்ப்பு எல்லோருக்கும் கிடைக்காது. பழையவரின் குரலைப் போலி செய்யாதீர்கள். அவருடைய வேகத்தையும் கோபம் கிளம்பும் விதத்தையும் மட்டும் வைத்துக்கொண்டால், சில வாரங்களில் நேயர் பழகிவிடுவார்.

வருமானத்தைப் பற்றியும் மனக்கோட்டை வேண்டாம். பேசிய பகுதிக்குத்தான் பணம்; கதை வேறு வீட்டுக்குப் போய்விட்டால் மாதக்கணக்கில் அழைப்பு வராது, ஆகவே மற்ற வேலையை விட்டுவிடாதீர்கள். ஆம்பிரிட்ஜில் பேச்சில் மட்டுமே வந்து, தாம் வாயே திறக்காத பாத்திரங்களும் உண்டு. அப்படிப் பல ஆண்டுகள் மௌனமாக இருந்த ப்ரூ ஃபாரஸ்டுக்கு, 1989இல் 10,000ஆவது பகுதியில் புகழ்பெற்ற நடிகை ஜூடி டென்ச் குரல் கொடுத்தார்.

கடைசியாக, வாயைக் கட்ட வேண்டும். பதிவு சில வாரங்கள் முன்னதாகவே நடப்பதால், நவம்பரிலேயே கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லிவிட்டு வருவீர்கள். அந்தக் கிறிஸ்துமஸில் யார் யாரோடு பேசவில்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1955 செப்டம்பர் 22 இரவு, போட்டித் தொலைக்காட்சியான ஐடிவி தொடங்கிய அதே நாளில், ஃபிலின் மனைவி கிரேஸ் ஆர்ச்சர் கதையில் தீ விபத்தில் இறந்தது நேயர்களை உலுக்கியதற்கு, அது முன்கூட்டி வெளியே கசியாததே பெரிய காரணம். என் தொடரில் அந்த விதவைப் பெண் மறுமணம் செய்துகொள்வாளா என்று என் அம்மா சமையலறையில் நின்று கேட்டபோது, வெள்ளிக்கிழமை வானொலியில் கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். வெள்ளிக்கிழமை வரை அவர் என்னோடு பேசவில்லை.