முதல் பட்டதாரி சான்றிதழிலிருந்து மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை வரை: எங்கே, எப்படிக் கேட்பது?

வீட்டில் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை என்றால், எந்தக் காகிதத்தை எங்கே கொடுப்பது என்று சொல்லித்தரவும் ஆள் இருக்காது. தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு உதவிகள் நிறையவே உண்டு. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும், அதுவும் காலத்தோடு கேட்டால்தான். பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு வேலையைத் தொடங்குங்கள். ரிசல்ட் வந்த பிறகு இ-சேவை மையத்தில் நிற்க இடம் இருக்காது.

1. தகுதி இருக்கிறதா?
முதல் பட்டதாரி சான்றிதழ் இருந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். அதற்கு உங்கள் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, அண்ணன் அக்கா யாருமே பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் இந்தச் சலுகை. அக்கா அந்தச் சலுகையில் இப்போது படித்துக்கொண்டிருந்தால் தம்பிக்குக் கிடைக்காது. சாதி, வருமான வரம்பு கிடையாது. பலர் இது தெரியாமலே விட்டுவிடுகிறார்கள்.

2. காகிதங்களைச் சேருங்கள்
குடும்ப அட்டை, ஆதார், உங்கள் டிசி, மார்க் ஷீட், போட்டோ. கூடவே, வீட்டில் உள்ளவர்கள் எதுவரை படித்தார்கள் என்பதற்கான சான்று, குடும்பத்தினரின் உறுதிமொழி. அதிகம் சிக்குவது பெயரில்தான். மார்க் ஷீட்டில் 'எஸ். முருகன்', ஆதாரில் 'முருகன் செல்வம்', குடும்ப அட்டையில் வெறும் 'முருகன்' என்று இருக்கும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் ஆதாரை முதலில் திருத்திவிடுங்கள்.

3. விண்ணப்பம்
இ-சேவை மையத்தில் முதலில் உங்கள் விவரங்களைப் பதிந்து, கேன் எண் (CAN, அரசுச் சேவைகளுக்கு விண்ணப்பிக்கத் தேவையான அடையாள எண்) தருவார்கள். அப்புறம் முதல் பட்டதாரி சான்றிதழுக்கான விண்ணப்பம். ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று அதிலுள்ள எண்ணை வைத்துத்தான் பார்க்க முடியும். விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), வருவாய் ஆய்வாளர், மண்டலத் துணை வட்டாட்சியர் என்று அது மேலே போகும். விஏஓவிடமே நின்றுவிட்டால் அசல் காகிதங்களோடு அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். தயங்க வேண்டாம், உங்களுக்கு உரியதைத்தான் கேட்கிறீர்கள்.

சாதி, வருமானச் சான்றிதழ் இல்லையென்றால் அதே நடையில் அவற்றுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.

4. கலந்தாய்வு
பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்யும்போதே 'முதல் பட்டதாரி' என்பதைக் குறித்து, சான்றிதழைப் பதிவேற்றுங்கள். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் சலுகை இல்லை. முதல் பட்டதாரி சலுகை கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தான். விடுதி, பேருந்துச் செலவு உங்களுடையது. ஆனால் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் 7.5 சதவீத ஒதுக்கீட்டையும் மறக்காமல் குறியுங்கள். அதில் இடம் கிடைத்தால் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

கலை அறிவியல் படிக்க விரும்பினால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இலவசக் கல்வித் திட்டத்தைப் பாருங்கள். ஏழை மாணவர்களுக்கானது, முதல் பட்டதாரிகளுக்கு முன்னுரிமை உண்டு. ரிசல்ட் வந்ததும் அறிவிப்பு வரும், கெடு மிகக் குறுகியது.

5. சேர்ந்த பிறகு
அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன்: படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். முதல் வாரத்திலேயே கல்லூரி அலுவலகத்தில், இத்திட்டத்தைப் பார்க்கும் பொறுப்பாசிரியர் யார் என்று கேளுங்கள். பள்ளியில் உங்களுக்குத் தந்த எமிஸ் எண்ணை (மாணவர் அடையாள எண்) கையில் வைத்திருங்கள். பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வரும், ஆகவே உங்கள் பெயரில் உள்ள கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்று வங்கியில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.