குறுந்தொகையை எப்படிப் படிக்கக் கூடாது

சங்க இலக்கியம் படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது குறுந்தொகை. பெரும்பாலும் 4 முதல் 8 அடி. கடவுள் வாழ்த்தைத் தவிர்த்து 401 பாட்டு. இவ்வளவு சின்னப் பாட்டுகளையும் பாதியில் மூடிவைக்கிறவர்கள் ஏராளம். காரணம் பெரும்பாலும் படிக்கிற முறைதான்.

நாவல் மாதிரி முதல் பாட்டிலிருந்து வரிசையாகப் போவார்கள். இது ஒரே கதை இல்லை; 200-க்கும் மேற்பட்ட புலவர்கள் பாடியதைப் பின்னால் தொகுத்தது. புரட்டி எங்கே வேண்டுமானாலும் நுழையலாம். அப்புறம், சந்தி பிரித்த, அதாவது சேர்ந்து நிற்கும் சொற்களைத் தனித்தனியாக அச்சிட்ட பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் முதல் பக்கத்திலேயே களைத்துவிடும்.

பெரிய தவறு, பாட்டோடு வரும் கூற்றுக் குறிப்பைத் தாண்டிப் போவது. யார், யாரிடம் சொல்கிறார்கள் என்பது அங்கேதான் இருக்கிறது. கூடலூர் கிழாரின் 167-ஆம் பாட்டைப் பாருங்கள். புதிதாகக் கல்யாணமான பெண் தயிர் பிசைந்த விரலை உடையிலேயே துடைத்துக்கொள்கிறாள், தாளிக்கிற புகை கண்ணில் ஏறுகிறது, அப்படி வைத்த புளிக்குழம்பைக் கணவன் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட, அவள் முகம் லேசாக மலர்கிறது. புருஷன் பெண்டாட்டி சமாசாரம் என்று முடித்துவிடலாம். ஆனால் சொல்கிறவள் செவிலித்தாய், அந்தப் பெண்ணை வளர்த்தவள். அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பெற்ற தாயிடம் சொல்கிறாள். 'என் பெண் எப்படி இருக்கிறாள்?' என்ற கேள்விக்கான பதில் அது. இருபது வயதில் படித்தால் அந்தத் தம்பதி தெரிவார்கள். மகளை வேறு ஊரில் கட்டிக்கொடுத்த பிறகு படித்தால், பாட்டில் வாயே திறக்காத அம்மாதான் தெரிவாள்.

திணை அட்டவணையை (குறிஞ்சி, முல்லை என்று நிலத்தையும் காதலின் நிலையையும் சேர்த்துப் பிரிப்பது) மனப்பாடம் செய்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்பதும் பள்ளிக்கூடம் போட்ட பயம். நாலு பாட்டு படித்தபின் அதைப் பார்த்தால் போதும். 'ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே' என்று வாட்ஸ்அப்பில் பெருமைப்படுகிறவர்களை விடுங்கள், அவர்கள் படிப்பதே இல்லை.

உரையோடு நின்றுவிடாதீர்கள். உ.வே.சா. 1937-இல் வெளியிட்ட பதிப்பில் அருமையான உரை இருக்கிறது. சரி, பொருள் தெரிந்துகொண்டு மறுபடி பாட்டுக்கு வந்து வாய்விட்டுப் படியுங்கள். ஔவையாரின் 28-ஆம் பாட்டில் தொடங்கலாம்: தன் வேதனை தெரியாமல் தூங்குகிற ஊரைப் பார்த்து, முட்டட்டுமா, மோதட்டுமா, கத்தட்டுமா என்று ஒருத்தி கொதிக்கிறாள். ஐந்தே அடி.