பேரிடர் நேரத்தில் நம் சபைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டக் கடற்கரை ஊர்களில் ஆபத்து என்றால் மக்கள் கூடும் இடம் தேவாலய வளாகம்தான். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு காலையில் குளச்சலையும் கொட்டில்பாட்டையும் மணக்குடியையும் சுனாமி அடித்துப் போட்டபோது அப்படித்தான் நடந்தது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயலில் சிக்கிய தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை மீனவர்கள் கரை திரும்பாதபோதும் அப்படித்தான். கத்தோலிக்கப் பங்குகள், சி.எஸ்.ஐ. சபைகள், இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே சபைகள் என்று எல்லாரும் அரிசியும் பாயும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். யாரும் கூப்பிட வேண்டியதில்லை. இது நம் மாவட்டத்துக்குக் கிடைத்த பெரிய வரம்.

அந்த நல்ல மனது இருந்தும் சில தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. நாம் உதவப் போன ஆளையே அவை காயப்படுத்துகின்றன. அடுத்த பெருமழை வருமுன் சபைகளில் உட்கார்ந்து இவற்றைப் பேசிவிட வேண்டும்.

கடவுள் சார்பில் காரணம் சொல்வது

இதுதான் எல்லாவற்றிலும் கொடுமையானது. "பாவம் பெருகிப்போச்சு, அதனாலதான் கடல் வந்தது" என்று பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த தாயின் முன்னால் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். சுமத்ரா அருகே கடலுக்கடியில் ஏற்பட்ட நிலநடுக்கம்தான் சுனாமியைக் கிளப்பியது. ஒக்கி, குமரிக் கடல் பகுதியில் மிகக் குறைந்த நேரத்தில் வலுப்பெற்ற புயல். கடலுக்குள் வெகுதொலைவு போயிருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. இதில் அந்தத் தாயின் பாவம் எங்கே வருகிறது?

இயேசுவிடமே இந்தக் கேள்வி வந்திருக்கிறது. சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து இறந்த 18 பேரும் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னதை லூக்கா 13இல் பார்க்கிறோம். யோவான் 9இல் பிறவிக் குருடனைக் காட்டி, "யார் செய்த பாவம்?" என்று சீடர்கள் கேட்டபோதும் அவர் யார்மீதும் பழி போடவில்லை. இந்தப் பகுதிகளைப் பிரசங்கத்தில் எத்தனையோ முறை கேட்ட நாம், துக்க வீட்டு வாசலில் மட்டும் மறந்துவிடுகிறோம்.

இதே தவறுக்கு இன்னொரு முகமும் உண்டு, கேட்பதற்கு அது பக்தியாகவே இருக்கும். "நாங்க ஜெபிச்சோம், ஆண்டவர் எங்களைக் காப்பாத்தினார்" என்று பறிகொடுத்தவர்கள் நடுவில் சாட்சி சொல்வது. பிழைத்தவருக்கு நன்றி சொல்ல உரிமை உண்டு, அதை யாரும் தடுக்கக் கூடாது. ஆனால் பக்கத்தில் இருப்பவரும் ஜெபித்தவர்தானே? அவருடைய ஜெபம் மட்டும் போதவில்லையா? சாட்சியைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள், தனியாகச் சொல்லுங்கள்.

அப்படியானால் என்னதான் பேசுவது? முதல் நாட்களில் மிகக் குறைவாகவே பேச வேண்டும். பைபிளில், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாயைத் திறந்து காரணம் தேடத் தொடங்கியபோதுதான் எல்லாம் கெட்டது. சாக வேண்டும் என்று படுத்துக்கிடந்த தீர்க்கதரிசி எலியாவிடம் வந்த தூதனும் உபதேசம் எதுவும் செய்யவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான்.

மனநலத் துறையினர் சொல்வதும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. நடந்ததை விவரமாகச் சொல்லும்படி பாதிக்கப்பட்டவரை வற்புறுத்தக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். அவராகப் பேசினால் கேட்கலாம், பேசாவிட்டால் கூட இருக்கலாம். வரிசையாக வரும் ஒவ்வொரு குழுவும் "அலை எப்படி வந்தது, பிள்ளை எப்படிக் கைநழுவியது" என்று கேட்டால், அந்த மனிதர் ஒரே நாளில் எத்தனை முறை அந்த நிமிடத்துக்குள் போய் வருவார்?

அரிசியோடு துண்டுப்பிரதி

உணவுப் பொட்டலத்தோடு துண்டுப்பிரதி, அதாவது மதப் பிரசுரம் கொடுப்பது, ஜெபக்கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு முதலில் பாய் கொடுப்பது, மெழுகுவர்த்தி வாங்கும் கையைப் பேனர் முன்னால் நிறுத்திப் படம் எடுப்பது. இதையெல்லாம் அடியோடு விட்டுவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. பசியோடு நிற்பவர் வேண்டாம் என்று சொல்ல முடியாது. மறுக்க முடியாத நிலையில் இருப்பவரிடம் விசுவாசத்தைப் பற்றிப் பேசுவது அவருக்கும் நியாயமில்லை, நற்செய்திக்கும் மரியாதையில்லை. நம் மாவட்டத்துக்கு 1982இல் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிக்கொண்ட மண்டைக்காடு கலவரத்தின் நினைவு இருக்கிறது. இங்கே ஒரு அரிசிப் பையைச் சுற்றி எழும் சந்தேகம் எளிதில் ஆறாது. இயேசு சொன்ன கதையில் வரும் நல்ல சமாரியன் காயப்பட்டவனின் மதத்தைக் கேட்கவில்லை, சத்திரக்காரனிடம் பணத்தைக் கொடுத்து, கூடுதலாகச் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். யாராவது தாமாக வந்து, "ஏன் இதெல்லாம் செய்றீங்க?" என்று கேட்டால் அப்போது மனம் திறந்து சொல்லலாம்.

பழைய துணி பற்றி ஒரு வரி. சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரையோரச் சாலைகளில் அவை குவியலாகக் கிடந்தன. கேட்காமல் அனுப்பாதீர்கள்.

பட்டியலில் வராதவர்கள்

ஆதித் திருச்சபையில் வந்த முதல் சண்டைகளில் ஒன்று பந்தியைப் பற்றியது. கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் விடுபட்டார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் அதை அற்ப விஷயம் என்று தள்ளவில்லை, அதற்கென்றே ஏழு பேரை நியமித்தார்கள். விடுபட்டவர்கள் யார் என்று தேடுவது நம்மிடம் ஒரு ஊழியமாகவே இருக்க வேண்டும்.

ஒக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாருடைய கண்ணும் கடற்கரையில் இருந்தது, அது சரிதான். அதே புயல் உள்நாட்டில் வாழைத் தோட்டங்களையும் ரப்பர் மரங்களையும் சாய்த்தது. ரப்பர் கன்று நட்டுப் பால் வெட்ட ஏழு ஆண்டு வரை ஆகும். மரம் விழுந்தால் உடைமையாளருக்காவது நிலம் மிஞ்சும், பால்வெட்டுத் தொழிலாளிக்கு வேலையே போய்விடும். பாட்டத்துக்கு (குத்தகைக்கு) நிலம் எடுத்து வாழை போட்டவர் பெயரில் பட்டா இருக்காது, அதனால் நிவாரண மனுவில் அவர் சிக்கிக்கொள்வார். கடற்கரையிலும் உடைந்த வள்ளத்தை எண்ணுவார்கள். மீன் வாங்கித் தலைச்சுமையாக விற்கும் பெண்ணின் கைமுதல் போனதை யாரும் எண்ணுவதில்லை. படகில் வேலைக்கு வந்த வெளிமாநிலத் தொழிலாளி எந்த அன்பியத்திலும் (கத்தோலிக்கப் பங்கின் சிறு குடும்பக் குழு) இல்லை, எந்தச் சேகரத்திலும் (சி.எஸ்.ஐ. சபை வட்டாரம்) இல்லை. நம் சபைக் குடும்ப அட்டையை வைத்து மட்டும் பொருள் கொடுத்தால் இவர்கள் ஒருவருக்கும் கிடைக்காது.

பணம் விஷயத்தில் அப்போஸ்தலர் பவுல் காட்டிய கவனம் நமக்கும் வேண்டும். காணிக்கையைக் கொண்டுபோகும்போது யாரும் குறை சொல்ல இடம் வைக்கக் கூடாது என்று 2 கொரிந்தியர் 8இல் எழுதி, தனியாகப் போகாமல் சகோதரர்களைச் சேர்த்துக்கொண்டார். வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். இன்னொன்று: வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற சொந்தக்காரர்கள் அனுப்பும் பணத்தைச் சபைக் கணக்கில் அப்படியே வாங்கிவிடக் கூடாது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒரு அமைப்பு வாங்கிய அத்தகைய பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது.

காணாமல் போனவர்களின் வீடு

சுனாமியில் இறந்த பலர் கல்லறைத் தோட்டங்களில் ஒன்றாகப் புதைக்கப்பட்டார்கள். ஒக்கியில் பல வீடுகளுக்கு உடலே வரவில்லை. சில படகுகள் லட்சத்தீவிலும் மகாராஷ்டிரத்திலும் கரை சேர்ந்த செய்தி வந்துகொண்டிருந்ததால், நம்பிக்கையை விடவும் முடியாமல் பிடிக்கவும் முடியாமல் பெண்கள் காத்திருந்தார்கள். இப்படிப்பட்ட வீட்டில் இரண்டு தவறுகள் நடக்கும். "கண்டிப்பா வருவார், எனக்குத் தரிசனம் கிடைச்சது" என்று சொல்வது ஒன்று. "போனவர் போயாச்சு, பூசை வச்சுடலாம்" என்று அவசரப்படுத்துவது மற்றது. இறுதிச் சடங்கு எப்போது என்பதை அந்தக் குடும்பம் முடிவு செய்யட்டும். அதுவரை அவர் பெயரைச் சொல்லி வேண்டுதல் செய்தால் போதும்.

அந்த நாட்களில் திருச்சபை செய்த மிகப் பெரிய சேவை பெயர்ப்பட்டியல் என்றே நினைக்கிறேன். பங்குத்தந்தையர்கள் வீடு வீடாகக் கேட்டு யார் எந்தப் படகில் போனார்கள் என்று எழுதியதால்தான், அரசு சொன்ன எண்ணிக்கை குறைவு என்று மக்களால் வாதாட முடிந்தது. தூத்தூர் பக்கத்துப் படகுகள் பல கொச்சியிலிருந்து கடலுக்குப் போகிறவை, அதனால் ஆவணங்கள் இரண்டு மாநிலங்களில் சிதறிக் கிடக்கும். பொதுவாக, காணாமல் போனவர் இறந்துவிட்டதாகச் சட்டம் கருத 7 ஆண்டுகள் ஆக வேண்டும். அதற்கு முன்பே நிவாரணம் கிடைக்க வேண்டுமானால் சிறப்பு அரசாணை, விசாரணை, சான்று என்று அலைய வேண்டும். வாரிசுச் சான்றுக்குத் தாலுகா ஆபீசில் நிற்கும் பெண்ணோடு சபையிலிருந்து விவரம் தெரிந்த ஒருவர் கூடப் போக வேண்டும்.

பெரும்பாலான குழுக்கள் ஒரு மாதத்தில் கிளம்பிவிடும். உண்மையான பாரம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். படகுக் கடனுக்கு வட்டி கேட்டு ஆள் வரும். ஜூனில் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும். ஒவ்வொரு அன்பியமும் ஒன்றோ இரண்டோ குடும்பங்களை ஒரு வருடத்துக்கு ஏற்றுக்கொண்டால் சமாளிக்கலாம். கட்டணத் தேதி, விதவை ஓய்வூதிய மனு, மீனவர் நல வாரிய அட்டை புதுப்பிப்பு, முதலாம் ஆண்டு நினைவு நாள், இவற்றை யார் பார்த்துக்கொள்கிறார் என்று பெயர் போட்டு எழுதி, ஒரு நகலை அந்தக் குடும்பத்திடமே கொடுத்துவிடுங்கள்.